துருவில் இறுகிய புஷ்: ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் லோயர் ஆர்மைச் சேதமில்லாமல் காப்பாற்றும் வழி

பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் புதுப்பிக்க எடுத்தவர்கள் இன்ஜினுக்கும் பெயின்டுக்கும்தான் பயப்படுவார்கள். உண்மையில் வேலையை வாரக்கணக்கில் இழுத்தடிப்பது கைக்குள் அடங்கும் ஒரு சின்ன சாமான்: முன் சக்கரத்தைக் கீழிருந்து தாங்கும் கையான லோயர் ஆர்ம் சேசிஸோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ். மெக்கானிக்குகள் வாயில் இது சைலன்ட் பிளாக். ஐம்பது அறுபது வருடம் அதே இடத்தில் இருந்து, போல்ட்டும் ஸ்லீவும் துருவால் ஒன்றாகி, ஸ்பேனர் போட்டால் நகராமல் நிற்கும்.

இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ப் ஹெரால்டுதான், 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாகத் தயாரானது. வடிவமைத்தவர் ஜியோவானி மிகெலோட்டி. நம் வேலைக்கு வேண்டிய சேதி, இது தனி சேசிஸ் மேல் பாடியைப் போல்ட் போட்டு உட்கார வைத்த கார் என்பது. பானெட்டும் முன் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். திறந்துவிட்டால் டயர் மேலேயே உட்கார்ந்து சஸ்பென்ஷனைப் பார்க்கலாம். இந்தக் காரில் வீட்டு வாசலில் வைத்தே இந்த வேலையைச் செய்ய முடியும் என்று துணிந்து சொல்வதற்கு அதுதான் காரணம்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். எது குப்பைக்குப் போகிறது, எது திரும்பக் காரில் ஏறப்போகிறது? புஷ் குப்பை. போல்ட்டும் குப்பை. ஆர்மும் அதைப் பிடிக்கும் பிராக்கெட்டும்தான் பிழைக்க வேண்டியவை. போல்ட்டைக் காப்பாற்றப் போய் ஆர்மின் கண்ணை (புஷ் உட்காரும் ஓட்டையை) ஓவலாக்கிவிட்டு நிற்பவர்களைப் பல ஷெட்களில் பார்க்கலாம். புது போல்ட்டை ஒரு மாலைப் பொழுதில் வாங்கிவிடலாம். நல்ல ஹெரால்டு ஆர்முக்குச் சென்னை புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும், அப்போதும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

ஏன் இறுகுகிறது

சைலன்ட் பிளாக் மூன்று அடுக்கு. நடுவில் ஒரு இரும்பு ஸ்லீவ், அதைச் சுற்றி ரப்பர், அதற்கு வெளியே இன்னொரு மெல்லிய இரும்பு ஸ்லீவ். வெளி ஸ்லீவ் ஆர்மின் கண்ணுக்குள் அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். உள் ஸ்லீவ் வழியாகப் போல்ட் போய் பிராக்கெட்டின் இரண்டு காதுகளுக்கு நடுவே இறுக்கமாக நிற்கும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது எதுவும் உராய்வதில்லை. ரப்பர் மட்டும் முறுக்கிக் கொடுத்துத் திரும்ப வருகிறது.

ஆக, போல்ட்டும் உள் ஸ்லீவும் ஒன்றின் மேல் ஒன்று அசைவதே கிடையாது. அந்த நூலிழை இடைவெளியில் மழைத்தண்ணீரும் கடற்காற்றின் உப்பும் போய் உட்காரும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். விரிவதற்கு வேறு வழியில்லாததால் இரண்டையும் நெருக்கிப் பிடிக்கிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் தண்ணீருக்குள் நின்று, பிறகு அப்படியே மூடி வைக்கப்பட்ட வண்டி என்றால், போல்ட் தானாகக் கழன்று வரும் என்ற நம்பிக்கையை முதலிலேயே விட்டுவிடலாம்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

பூட்டு நட்டு பெரும்பாலும் கழன்றுவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். போல்ட் தலையில் பாக்ஸ் ஸ்பேனரைப் போட்டு நிதானமாகத் திருப்புங்கள். கொஞ்சம் திரும்பும், உள்ளுக்குள் சந்தோஷம் வரும். கையைத் தளர்த்தினால் ஸ்பேனர் மெதுவாகப் பழைய இடத்துக்கே வந்துவிடும். அப்படி வந்தால் துரு விடவில்லை என்று அர்த்தம். போல்ட்டோடு சேர்ந்து உள் ஸ்லீவும் சுற்றுகிறது, நடுவில் ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பத் தள்ளுகிறது. இந்த நிலையில் நீளமான பைப்பைப் போட்டு எவ்வளவு நெம்பினாலும் ரப்பர் கிழியுமே தவிர போல்ட் வெளியே வராது.

திருப்பும்போது கரகரவென்று ஒரு சத்தம் கேட்டு, விட்டாலும் திரும்பி வராமல் அங்கேயே நின்றால் துரு உடைந்திருக்கிறது. அப்படியானால் அவசரப்படாமல் முன்னும் பின்னும் ஆட்டி, எண்ணெய் விட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து பித்தளைத் துண்டு வைத்துத் தட்டி எடுத்துவிடலாம். மீதிக் கட்டுரையில் ஆர்மை இறக்குவது, பழைய புஷ்ஷைத் தள்ளுவது, புது புஷ் ஏற்றுவது மட்டும் போதும்.

ஸ்பேனர் அளவில் கவனம். ஹெரால்டில் இருப்பவை அங்குல அளவு யு.என்.எஃப். மரை. முக்கால்வாசிப் பேர் வீட்டில் இருக்கும் மி.மீ. செட்டை எடுத்து வருவார்கள். 9/16 அங்குலத் தலை என்றால் 14.29 மி.மீ. அதில் 14 ஏறாது, 15 லொடலொடவென்று ஆடும். துருப்பிடித்த தலையில் 15-ஐப் போட்டு ஒரு நெம்பு நெம்பினால் மூலைகள் மழுங்கிவிடும், அப்புறம் பிடிக்க எதுவும் இருக்காது. ஏ.எஃப். அளவில் (தலையின் எதிரெதிர் முகங்களுக்கு இடையே அங்குலத்தில் அளப்பது) ஆறுமுக பாக்ஸ் ஸ்பேனர் ஒரு செட் வாங்கிக்கொள்வது இந்தக் காருக்குச் செய்யும் முதல் செலவு.

எண்ணெயும் பொறுமையும்

வேலைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் இரண்டு முறை துரு நீக்கும் எண்ணெயை விட்டு வாருங்கள். அதற்கென்றே விற்கும் பெனட்ரேட்டிங் ஆயில் நல்லது. டபிள்யூ.டி-40 கிடைத்தால் மோசமில்லை, ஆனால் அதன் முதல் வேலை ஈரத்தை விரட்டுவதுதான். அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் சரிபாதி கலந்து விடுபவர்களும் உண்டு. நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அதை விட்ட இடத்தில் அன்றைக்கு நெருப்பும் கிரைண்டரும் வேண்டாம்.

எண்ணெயிடம் அதிகம் எதிர்பார்க்கவும் வேண்டாம். அது உள்ளே போக இருக்கும் வழி ஸ்லீவின் இரண்டு முனைகள் மட்டும். நடுப்பகுதி காய்ந்தேதான் கிடக்கும். அடுத்து வரும் வேலைக்கு வெளியிலுள்ள நட்டுகளைத் தயார் செய்கிறது என்று எடுத்துக்கொண்டால் போதும்.

ஆர்மை பிராக்கெட்டோடு சேர்த்து இறக்குவது

இதுதான் இந்தக் காரில் கிடைக்கும் பெரிய சலுகை. இறுகிய போல்ட்டோடு வண்டிக்கு அடியில் படுத்துச் சண்டை போட வேண்டியதில்லை. பிராக்கெட்டையே சேசிஸிலிருந்து கழற்றி, ஆர்ம், புஷ், போல்ட் எல்லாவற்றையும் ஒரே கொத்தாக வைஸுக்குக் கொண்டு வந்துவிடலாம்.

முன்பக்கத்தைத் தூக்கி, சேசிஸின் கனமான சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். கதவுக்குக் கீழே தெரியும் ஓரப் பட்டை சுமை தாங்கும் உறுப்பே அல்ல. அதில் ஜாக்கி போட்டால் தகடு உள்ளே மடங்கும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டவே வேண்டாம், சொல்லாமல் நொறுங்கும். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, சேசிஸைப் பிடித்து ஒருமுறை பலமாக ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் அடியில் போவதற்கு முன்பே விழட்டும்.

அடுத்தது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பரும் காயில் ஸ்பிரிங்கும் ஒரே கூட்டாக இருப்பவை. மேலே மூன்று நட்டு, கீழே ஆர்மில் ஒரு போல்ட். இவற்றை எடுத்தால் கூட்டு முழுசாக வெளியே வரும், ஸ்பிரிங்கை ஷாக் அப்சார்பரே பிடித்து வைத்திருக்கும். நடுத்தண்டின் உச்சியில் இருக்கும் நட்டை மட்டும் தொடக் கூடாது. அதைக் கழற்றினால் அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் பாயும், முகத்துக்கு நேராகப் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து.

ஆன்டி ரோல் பாரின் லிங்கைக் கழற்றுங்கள். ஆர்மின் வெளி முனையில் ட்ரனியன் (சக்கரத்தின் அடிப்பக்கத்தை ஆர்மோடு சேர்க்கும் மூட்டு) போல்ட் இருக்கும், அதுவும் இறுகியிருக்க நிறையவே வாய்ப்புண்டு. ட்ரனியன் பித்தளை வகை உலோகம் என்பதால் அதன் மேல் சுத்தியும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். போல்ட் வரவில்லையென்றால் ஆர்முக்கும் ட்ரனியனுக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஆக்ஸா பிளேடால் அறுத்துவிடுவதே சரி. ஆர்ம் விடுபட்டதும் சக்கர ஹப் கீழே சரிந்து பிரேக் ஹோஸை இழுக்கும். ஹோஸ் அந்த எடையைத் தாங்காது, ஹப்பை ஒரு கம்பியால் சேசிஸோடு கட்டி வையுங்கள்.

இனி பிராக்கெட்டைச் சேசிஸோடு பிடிக்கும் நட்டுகள். கழற்றும்போது பிராக்கெட்டுக்குப் பின்னால் மெல்லிய தகடுகள் இருக்கும். அவை ஷிம். சக்கரத்தின் சாய்வை அந்தத் தகடுகள்தான் தீர்மானிக்கின்றன. முன் பிராக்கெட்டில் இரண்டும் பின் பிராக்கெட்டில் ஒன்றும் இருந்தால் அதே கணக்கில்தான் திரும்பப் போக வேண்டும். ஒவ்வொரு பிராக்கெட்டின் தகடுகளையும் தனித்தனியாகக் கம்பியில் கோத்து, எந்தப் பக்கம், முன்னா பின்னா என்று எழுதிக் கட்டுங்கள். கைபேசியில் படம் எடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், படத்தில் எல்லாத் தகடும் ஒரே தகடாகத் தெரியும்.

போல்ட்டை அறுப்பது

ஆர்மை வைஸில் பிடித்து, புஷ்ஷின் ஓரத்தைக் கிட்டத்தில் பாருங்கள். உள் ஸ்லீவ், வெளி ஸ்லீவைவிடச் சற்று நீளம். அதனால் பிராக்கெட் காதுக்கும் ரப்பருக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து இருக்கும், அதில் ஸ்லீவின் முனை மட்டும் தெரியும். பிளேடு போக வேண்டிய இடம் அதுதான். ஸ்லீவையும் அதற்குள் இருக்கும் போல்ட்டையும் சேர்த்தே அறுக்கப் போகிறோம்.

கை கிரைண்டரில் ஒரு மி.மீ. கட்டிங் வீலைப் போட்டால் நிமிட வேலை என்று தோன்றும். ஆனால் நான்கு அங்குல வீல் அந்தச் சந்துக்குள் நேராகப் போகாது. சற்றுச் சாய்ந்தாலும் ஒரு பக்கம் பிராக்கெட் காதை வெட்டும், மறுபக்கம் ஆர்மின் கண்ணை. தரமான பை-மெட்டல் ஆக்ஸா பிளேடு, அங்குலத்துக்கு 24 பல், இதுவே என் தேர்வு. ஃபிரேமுக்கு இடம் இல்லையென்றால் பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிக் கையால் பிடித்து அறுக்கலாம். காதுப் பக்கம் ஒரு தகரத் துண்டைச் செருகிவிட்டால் பிராக்கெட்டில் கீறல் விழாது. ஹை டென்சைல் போல்ட் என்பதால் நேரம் பிடிக்கும். முழு நீளத்துக்கு இழுத்து, மெதுவாக, எண்ணெய் விட்டு அறுங்கள். வேகமாக இழுத்தால் பல் சூடேறி மழுங்கும், போல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது.

இரண்டு பக்கமும் அறுத்ததும் பிராக்கெட் தனியாக வந்துவிடும். காதில் மிச்சமிருக்கும் துண்டுகளைத் தட்டினால் விழும்.

புஷ்ஷை வெளியே தள்ளுவது

இப்போது ஆர்மின் கண்ணில் புஷ், அதன் நடுவே அறுபட்ட போல்ட். நேராக பிரஸ்ஸில் வைத்துத் தள்ளத் தோன்றும். அதற்கு முன் கண்ணின் இரு ஓரங்களையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு வளையத்தை எடுத்துவிடுங்கள். ஸ்லீவ் வெளியேறும் வழியில் அதுதான் முதல் தடை.

இரண்டு சாமான் தேவை. ஒன்று, தள்ளும் சாக்கெட்: வெளி ஸ்லீவின் விளிம்பில் உட்கார வேண்டும், ஆனால் கண்ணின் ஓட்டையைவிட ஒரு நூல் சிறியதாக இருக்க வேண்டும். இன்னொன்று, வாங்கும் பைப்: புஷ் முழுசாக அதற்குள் விழும் அளவுக்கு அகலம், அதன் விளிம்பு கண்ணின் விளிம்பில் சுற்றிலும் சமமாக உட்கார வேண்டும். இந்த இரண்டும் சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்தது. லேத் பட்டறையில் அளவு கொடுத்தால் இரண்டையும் கடைந்து கொடுப்பார்கள்.

தள்ளுவதற்குப் பெரிய வைஸ் போதும். இல்லையென்றால் ஹை டென்சைல் திரெட் ராட், தடித்த வாஷர், இரண்டு நட்டு வைத்து இழுக்கலாம். ஆனால் ராட் நடுவே போக வேண்டுமானால் முதலில் போல்ட் துண்டைத் துளையிட்டு எடுக்க வேண்டும், அது எளிதல்ல. பல சமயம் லேத் பட்டறையின் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு எடுத்துப் போவதே மலிவு. கூடவே நில்லுங்கள். ஆர்மின் கண்ணுக்கு அடியில் பைப் இல்லாமல், ஆர்மின் உடம்பைக் கட்டையில் தாங்க வைத்து அழுத்தினால் ஆர்ம் வளையும். சில பட்டறைகளில் அப்படித்தான் தொடங்குவார்கள், "அண்ணே, கண்ணுக்கு நேரா அடியில குடுங்க" என்று சொல்லிவிடுங்கள். துரு விடும்போது துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் வரும். கண்ணாடி போட்டுக்கொண்டு, நேர் எதிரில் நிற்காமல் பக்கவாட்டில் நிற்பது நல்லது.

சில புஷ்கள் வேறு விதமாக ஏமாற்றும். பழைய ரப்பர் பிய்ந்து, உள் ஸ்லீவும் ரப்பரும் மட்டும் வெளியே வந்துவிடும். வெளி ஸ்லீவ் கண்ணுக்குள் அப்படியே இருக்கும். பார்த்தால் கண்ணின் சுவர் போலவே தெரிவதால் வேலை முடிந்ததாக நினைத்துப் புது புஷ்ஷை ஏற்றப் பார்ப்பவர்கள் உண்டு. விளிம்பை எமரி பேப்பரால் தேய்த்துப் பாருங்கள், வட்டமாக ஒரு கோடு தெரிந்தால் ஸ்லீவ் உள்ளேதான் இருக்கிறது.

தள்ளியும் வராவிட்டால்

பிரஸ்ஸில் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டாம். இனி புஷ்ஷைத் துண்டு துண்டாக எடுப்பதுதான் வழி.

முதலில் ரப்பர். ஐந்து மி.மீ. டிரில் பிட்டால், உள் ஸ்லீவைச் சுற்றி ரப்பரில் நெருக்கமாக ஓட்டைகள் போடுங்கள். வேகம் குறைவாக, சோப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டே போட வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் பிட்டைக் கவ்வும். சுற்றி வந்ததும் நடுத்துண்டைத் தட்டினால் போல்ட்டோடு விழும். ரப்பரை எரித்து எடுக்கும் பழக்கம் ஷெட்களில் உண்டு. கறுப்புப் புகை நுரையீரலுக்குக் கேடு, தெருவுக்கும் தொல்லை. யாராவது முன்பே பாலியூரித்தேன் புஷ் போட்டிருந்தால் எரிக்கவே கூடாது, அந்தப் புகை நஞ்சு.

பிறகு வெளி ஸ்லீவ். ஆக்ஸா பிளேடைக் கண்ணின் ஓட்டை வழியாக நுழைத்து, பிறகு ஃபிரேமில் மாட்டுங்கள். ஸ்லீவின் உட்சுவரில் நீளவாக்கில் ஒரு கோடு அறுக்க வேண்டும். ஸ்லீவ் மெல்லியது, அதற்குப் பின்னால் உடனே ஆர்மின் இரும்பு. எங்கே நிறுத்துவது? கீழே விழும் தூளைப் பாருங்கள். ஸ்லீவை அறுக்கும்வரை தூள் பளபளவென்று வெள்ளியாக இருக்கும். ஸ்லீவுக்கும் கண்ணுக்கும் நடுவே துரு அடுக்கு இருக்கிறது, பிளேடு அங்கே போனதும் தூளில் செம்பழுப்பு கலக்கும். அந்த நிறம் தெரிந்ததும் கை நிற்க வேண்டும். பிளேடு நேராக இருக்கிறதா என்று இரண்டு முனையிலும் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு முனையில் ஆழமாகவும் மறுமுனையில் மேலோட்டமாகவும் போவதுதான் வழக்கம்.

அரை செ.மீ. தள்ளி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவிலுள்ள பட்டையின் முனையில் சின்ன உளியை வைத்து, ஓட்டையின் மையத்தைப் பார்த்து மடக்குங்கள். பட்டை உரிந்து வந்ததும் ஸ்லீவ் தன் இறுக்கத்தை இழந்து உள்ளே சுருங்கும். அப்புறம் கையால் இழுத்தாலே வரும்.

கேஸ் கட்டர் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டாம். வேகம் உண்டு, ஆனால் கண் சிவக்கச் சூடேறினால் வடிவம் மாறும், புது புஷ் ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் நிற்கும். சூடு கொடுத்தே தீர வேண்டுமென்றால் சின்ன பியூட்டேன் டார்ச், கண்ணின் வெளிப்பக்கம் மட்டும், இரும்பு நிறம் மாறத் தொடங்கும் முன்பே நிறுத்திவிடுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றாமல் தானாக ஆற விடுங்கள்.

புது புஷ்

கண்ணை எமரி பேப்பரால் சுத்தம் செய்து, வெர்னியரால் குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் கண் வட்டமாக இருக்கிறது. பிளேடு பட்ட மெல்லிய கீறல் பரவாயில்லை, விரல் நகம் மாட்டும் அளவு ஆழமென்றால் வெல்டரிடமும் லேத்காரரிடமும் காட்டிவிட்டு முடிவெடுங்கள். ஆர்மின் மற்ற இடங்களிலும் சுத்தியால் லேசாகத் தட்டி, துரு தின்ற இடம் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து, பெயின்ட் அடித்துவிடலாம். கண்ணின் உட்சுவரில் மட்டும் பெயின்ட் வேண்டாம்.

பாலியூரித்தேனா ரப்பரா என்பதில் ஆளுக்கொரு கருத்து. பந்தயத்துக்குப் போகாத, பழைய மாதிரியே ஓட வேண்டிய காருக்கு ரப்பர்தான் பொருத்தம். சாலையின் அதிர்வை அது விழுங்கிக்கொள்ளும், கீச்சிடாது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அளவு ஒத்த புஷ் கிடைத்தால், ஸ்லீவ் நீளத்தையும் பழையதோடு வைத்து அளந்து வாங்குங்கள். உள் ஸ்லீவ் ஒரு மி.மீ. குட்டையாக இருந்தாலும் காதுகள் இறுகும்போது பிராக்கெட் வளையும்.

புஷ்ஷை இரவு முழுக்க ஃபிரீசரில் வையுங்கள், ஆர்மை வெயிலில் போடுங்கள். மே மாதம் என்றால் அதுவே போதும். வெளி ஸ்லீவில் சோப்புத் தண்ணீர் தடவி, நேராக வைத்து அழுத்துங்கள். அழுத்தம் வெளி ஸ்லீவின் விளிம்பில் மட்டும் விழ வேண்டும். நடு ஸ்லீவை அழுத்தினால் ரப்பர் ஒட்டு அங்கேயே விட்டுப்போகும். கிரீஸ், இன்ஜின் ஆயில் எதுவும் ரப்பரில் படக் கூடாது, ஊறி உப்பிவிடும். இரு பக்கமும் சமமாக நீட்டிக்கொண்டிருந்தால் சரி.

போல்ட் புதிது, நட்டு புதிது. தலையில் மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. கோடே இல்லாத சாதா போல்ட் இந்த இடத்துக்கு ஆகாது. போல்ட்டின் உடம்பில் காப்பர் கிரீஸ் மெல்லியதாகத் தடவிவிட்டால் அடுத்து கழற்றுபவர் வாழ்த்துவார்.

எப்போது இறுக்குவது

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஆர்மை மாட்டி, ஷிம்களைப் பழைய கணக்கில் வைத்து, பிராக்கெட் நட்டுகளை முறையாக இறுக்கலாம். ஆனால் புஷ் வழியாகப் போகும் போல்ட்டைக் கையால் திருகும் அளவோடு நிறுத்துங்கள். ஸ்பிரிங், ட்ரனியன், சக்கரம் எல்லாம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி விட்டு, அது தன் எடையில் நின்ற பிறகுதான் இறுக்க வேண்டும்.

காரணம் மேலே சொன்ன அதே ரப்பர் முறுக்கு. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் அந்த நிலைதான் புஷ்ஷுக்கு ஓய்வு நிலை. வண்டியை இறக்கியதுமே ரப்பர் பாதி முறுக்கோடு நிற்கும், பள்ளத்தில் விழும்போதெல்லாம் மீதியையும் முறுக்கும். புது புஷ் சில மாதத்தில் கிழிய இதுவே காரணம், பழி மட்டும் கடைக்காரர் மேல் விழும். அடியில் கை போக இடம் வேண்டுமென்றால் நான்கு சக்கரத்தையும் உறுதியான சாய்தளத்தில் ஏற்றி நிறுத்திக்கொண்டு, ஒர்க்‌ஷாப் மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள்.

ட்ரனியனுக்கு கிரீஸ் அடிக்காமல் இ.பி. 90 கியர் ஆயில் விடுங்கள், மரை அதில்தான் நனைந்து வேலை செய்கிறது. அப்புறம் வீல் அலைன்மென்ட். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அதே நட்டுகளில் ஒருமுறை டார்க் ஸ்பேனரைப் போட்டுப் பார்த்துவிட்டு, புஷ்ஷின் ஓரத்தில் ரப்பர் ஒரு பக்கமாகப் பிதுங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிதுங்கியிருந்தால் போல்ட்டைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்தியே மறுபடி இறுக்குங்கள்.